'ஹார்டு டிஸ்க்கில் பிரச்னை' என்று கம்ப்யூட்டர் எச்சரிக்கிறதா? முதலில் செய்ய வேண்டியது இதுதான்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கருப்புத் திரையில் 'ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்' என்று ஒரு வரி வருகிறது. ஒரு பட்டனை அழுத்தினால் வழக்கம்போல விண்டோஸ் திறந்துவிடும். 'அதான் ஓடுதே' என்று பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். புது டிஸ்க்கை எந்தக் கடையிலும் வாங்கலாம். அதில் இருக்கும் பத்து வருடக் குடும்பப் போட்டோக்களை எங்கே வாங்குவீர்கள்?

இந்த எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது?

ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி இரண்டிலுமே 'ஸ்மார்ட்' என்ற சுயபரிசோதனை வசதி இருக்கிறது. படிக்க முடியாமல் போன இடங்கள், வெப்பநிலை, ஓடிய மணிநேரம் என எல்லாவற்றையும் டிஸ்க்கே கணக்கு வைத்துக்கொள்ளும். நிறுவனம் நிர்ணயித்த எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். அதாவது, இதைச் சொல்வது டிஸ்க்கே. வைரஸோ விண்டோஸ் கோளாறோ அல்ல.

எல்லா எச்சரிக்கையும் ஒன்றுதானா?

இல்லை. 'டிரைவ் பிழைகளைச் சரிசெய்ய ரீஸ்டார்ட் செய்யவும்' என்று விண்டோஸ் சொன்னால், அது பெரும்பாலும் ஃபைல்களின் பட்டியலில் ஏற்பட்ட குழப்பம். கரன்ட் திடீரென்று போனாலோ, பென் டிரைவைப் பாதியில் பிடுங்கினாலோகூட வரும். முக்கியமான ஃபைல்களை காப்பி செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பல நேரம் சரியாகிவிடும். அடிக்கடி திரும்ப வந்தால் டிஸ்க்கையே சந்தேகியுங்கள். ஸ்மார்ட் எச்சரிக்கை அப்படியல்ல, அது டிஸ்க்கின் தேய்மானம். எந்த சாஃப்ட்வேராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

முதல் வேலை என்ன?

காப்பி எடுப்பதுதான். வேறு எதுவும் அதற்குப் பிறகே. எக்ஸ்டர்னல் டிஸ்க் அல்லது பென் டிரைவை மாட்டி, திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: போட்டோ, வீடியோ, சான்றிதழ் ஸ்கேன்கள், வருமான வரி ஃபைல்கள், கடைக் கணக்கு. சினிமாவும் சாஃப்ட்வேரும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஃபைல் காப்பி ஆகாமல் நின்றால் அதோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததுக்குப் போங்கள். எடுத்த பிறகு, இன்னொரு கம்ப்யூட்டரில் சில ஃபைல்களைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

எதைச் செய்யக்கூடாது?

பலரும் சொல்லும் முதல் யோசனை 'செக் டிஸ்க் ஓட்டுங்க' என்பது. காப்பி எடுக்காமல் அதைச் செய்யாதீங்க. மோசமான பகுதிகளைத் தேடும் முழுச் சோதனை, டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்தையும் படிக்க முயலும். சில நேரம் மணிக்கணக்கில் ஓடும். ஏற்கனவே திணறும் டிஸ்க் அந்தச் சுமையிலேயே நின்றுவிடலாம். ஃபார்மேட் செய்வதும் தீர்வல்ல. ஃபைல்கள்தான் போகும், தேய்மானம் அப்படியே இருக்கும். பயாஸுக்குள் போய் எச்சரிக்கையை ஆஃப் செய்வதும் அப்படித்தான்.

டிஸ்க் நிலையை எப்படிப் பார்ப்பது?

காப்பி முடிந்ததும் 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேரில் பாருங்கள். நீலம் என்றால் நல்ல நிலை, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு மோசம். ஹார்டு டிஸ்க்கில் மூன்று வரிகளைக் கவனியுங்கள்: ரீஅலோகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர், அன்கரெக்டபிள் செக்டர். இவை பூஜ்ஜியமாக இருப்பது நல்லது. எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் மாற்றியே ஆக வேண்டும். 'சிஆர்சி எரர்' மட்டும் ஏறினால் கோளாறு கேபிளில் இருக்கலாம்; கேபிளை மாற்றிப் பாருங்கள். பழைய எண் குறையாது, புதிதாக ஏறாமல் இருந்தால் போதும்.

'டக் டக்' என்று சத்தம் வந்தால்?

உடனே ஆஃப் செய்யுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்த்தால், உள்ளே இருக்கும் தகடு கீறப்பட்டு மீட்கவே முடியாமல் போகலாம். டிஸ்க்கைத் திறப்பது, ஃப்ரிட்ஜில் வைப்பது போன்ற கைவைத்தியம் வேண்டாம். ஃபைல்கள் அவசியம் என்றால் டேட்டா ரெக்கவரி மையத்துக்குக் கொண்டு போங்கள். கட்டணத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் இந்தச் சத்தமெல்லாம் வராது. சில நேரம் முன்னறிவிப்பே இல்லாமல் காணாமல் போய்விடும்.

டிஸ்க்கை மாற்றும்போது

வாரண்டி இருக்கிறதா என்று சீரியல் எண்ணை வைத்து நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். வாரண்டியில் டிஸ்க் கிடைக்கும், ஃபைல்கள் கிடைக்காது. பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதற்கான பிட்லாக்கர் ரெக்கவரி கீயை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள், அதில் உங்கள் ஆதார் நகலும் வங்கி விவரமும் இருக்கும்.

எச்சரிக்கையே வரவில்லை என்றால் நிம்மதியா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அதே ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை தெரிந்த டிஸ்க்குகள் அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழை இல்லாதவற்றைவிட 39 மடங்கு அதிகமாக இருந்தது.

ஆக, எச்சரிக்கை வந்தால் அது உங்களுக்குக் கிடைத்த அவகாசம். வராவிட்டாலும் முக்கியமான ஃபைல்களுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும்: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே, கிளவுடிலோ உறவினர் வீட்டிலோ.