சந்தைக்கு வந்த புதியவர்

எமது பாடசாலைக் கணினி அறைக்குப் புதிய கணினி வாங்குவது பற்றி அண்மையில் பேச்செழுந்தது. திரையிலே உருவங்களைத் தீட்டித் தருகின்ற கிராபிக்ஸ் கார்டு எந்த நிறுவனத்தினதாக இருத்தல் வேண்டும் என்பதே வினா. "சேர், புதிதாக வந்தவர்களுடையது விலை குறைவு, ஆனால் அவர்கள் நிலைப்பார்களோ தெரியாது" என்றான் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். நான் கணினி கற்றவனல்லன், வரலாறு கற்றவன். ஆயினும் அவ்வினா எனக்குப் புதியதாகத் தோன்றவில்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் எமது மட்டக்களப்பிலேயே எழுந்த வினா அது.

1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் மட்டக்களப்புக் கரையை அடைந்தான். அக்காலத்தில் இலங்கைக் கறுவாவை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்று விற்றவர் போர்த்துக்கேயர். கொழும்பும் மேற்குக் கரையும் அவர் கையில் இருந்தன. அவர்களை அகற்ற விரும்பிய கண்டி அரசன் முதலாம் விமலதர்மசூரியன், புதியவனை உவகையோடு வரவேற்றான். வாய்ப்புக் கனிந்துவிட்டதெனவே எவரும் எண்ணியிருப்பர்.

ஆனால் நடந்தது வேறு. அடுத்து வந்த செபால்ட் டி வேர்ட் என்பான், பிடிபட்ட போர்த்துக்கேயரை அரசனின் விருப்பத்துக்கு மாறாக விடுவித்தான். மனத்தாங்கல் பகையாக முற்றி, 1603இல் அவனும் அவனுடன் வந்தோர் பலரும் மட்டக்களப்பிலே கொல்லப்பட்டனர். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டையும் எழுப்பினர். 1638 மே 18ஆம் நாள், அடம் வெஸ்டர்வோல்ட் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு அக்கோட்டையைக் கைப்பற்றிய பின்னரே ஒல்லாந்தருக்கு இங்கு காலூன்ற இடம் கிடைத்தது. இடையிலே கழிந்தவை முப்பத்தாறு ஆண்டுகள்.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். 1990களின் நடுப்பகுதியில் கிராபிக்ஸ் கார்டுச் சந்தையில் திரீடிஎஃப்எக்ஸ், எஸ்3, மேட்ராக்ஸ், ஏ.டி.ஐ., என்விடியா எனப் பலர் போட்டியிட்டனர். அவர்களுள் முன்னணியில் நின்ற திரீடிஎஃப்எக்ஸ், தன்னிடம் சில்லு வாங்கிக் கார்டு செய்த நிறுவனங்களை ஒதுக்கித் தானே கார்டு செய்ய முற்பட்டது. நண்பர் விலகினர், 2000ஆம் ஆண்டின் இறுதியில் அதன் உடைமைகளை வாங்க என்விடியா உடன்பட்டது. ஏ.டி.ஐ. நிறுவனத்தை 2006இல் ஏ.எம்.டி. வாங்கியது. இவ்வாறு சந்தை பெரும்பாலும் இருவர் கைக்குள் ஒடுங்கியது.

இவ்விருவருக்கும் எதிரே வந்தது இன்டெல். கணினியின் மூளையாகிய சில்லினைச் செய்வதில் பெரும்புகழ் பெற்ற அந்நிறுவனம், 1998இல் ஐ740 என்னும் சில்லுடன் இச்சந்தையில் நுழைந்து, மறு ஆண்டே விலகிற்று. லாராபீ என்ற அடுத்த முயற்சியும் 2009இல் கைவிடப்பட்டது. 2022 ஒக்டோபரில் ஆர்க் ஏ770, ஏ750 என்னும் கார்டுகளுடன் மீண்டும் வந்தது. முதல் வரவுக்கும் இதற்கும் இடையே இருபத்துநான்கு ஆண்டுகள்.

செல்வமும் திறனும் உடையவருக்கு இத்துணை இடர் வந்தது எதனால்? பொருள் மட்டும் நன்றாயிருந்தாற் போதாது. கணினி விளையாட்டுகளை ஆக்குவோர் பழையவரின் கார்டுகளிலே பழகியவர்கள். என்விடியா 2007இல் வெளியிட்ட கூடா என்னும் மென்பொருளையே ஆராய்ச்சியாளர் பலரும் கைக்கொண்டனர். கார்டையும் கணினியையும் இணைக்கும் டிரைவர் மென்பொருளின் குறையால், ஆர்க் கார்டுகளிற் பழைய விளையாட்டுகள் தொடக்கத்திலே தடுமாறின. மாதந்தோறும் பொறுமையோடு திருத்தியதன் பயனாகவே நிலைமை சீரடைந்தது. 2024 டிசம்பரில் வந்த பி580 கார்டு, 12 ஜிகாபைட் நினைவகத்துடன் 249 அமெரிக்க டொலருக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் 299 டொலருக்கு வந்த என்விடியாவின் 4060 கார்டிலோ 8 ஜிகாபைட்டே இருந்தது. புதியவர் வந்ததனால் வாங்குவோர் பெறும் நன்மை இதுவே.

ஆயினும், வாங்குவோர் மறக்கலாகாத பாடம் ஒன்றும் எமது வரலாற்றில் உண்டு. கோட்டை வீழ்ந்து ஐந்தாம் நாள், 1638 மே 23இல், இராசசிங்கன் ஒல்லாந்தருடன் ஓர் உடன்படிக்கை செய்தான். பிடிக்கும் கோட்டைகளில் அரசன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தப் படை இருக்கலாம் என்ற கருத்துடைய சொற்கள், அரசனிடம் கொடுத்த படியில் இருந்தன. ஒல்லாந்தப் படியில் இல்லை. கறுவா வாணிகத்தையும் அவன் அவர்களுக்கே தனியுரிமையாக அளித்துவிட்டான். 1640இல் காலியும், 1656இல் கொழும்பும் போர்த்துக்கேயரிடமிருந்து பறிக்கப்பட்டன. ஆனால் அவை அரசன் கைக்கு வரவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதுபோல என்று சிங்கள மக்கள் கூறும் பழமொழி இதற்கு நன்கு பொருந்தும்.

அரசன் புதியவரை அழைத்தது பிழையன்று. பழைய தனியுரிமையை ஒழிக்கப் புதிய தனியுரிமையை வழங்கியதே பிழை. ஆதலால் அம்மாணவனுக்கு நான் சொன்ன விடை இது: "தம்பி, நாங்கள் செய்யப்போகும் வேலைக்கு அந்தக் கார்டு பொருந்துமாயின் தயங்காது வாங்கலாம். முதல் ஆண்டின் தடுமாற்றத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளிவிடாதே. ஆனால் அவர் வென்று மற்றவர் அழியவேண்டுமென்று மட்டும் விரும்பாதே. கடைகள் பல இருந்தாற்றான் விலை கேட்க உனக்கு உரிமை இருக்கும்."

புளியந்தீவுக் கோட்டை இன்றும் வாவியோரத்தில் நிற்கின்றது. அவ்வழியே செல்லும் நேயர்கள், அதனைக் கட்டியவரையும் கைப்பற்றியவரையும் நினைப்பதோடு, விலை கொடுத்தவரையும் சற்று நினைப்பார்களாக.