ப்ளோன் போச்சு

பிரெஞ்சில் பியூஸுக்குப் பேச்சு வழக்கில் 'ப்ளோன்' என்று பெயர். ஈயம் என்று அர்த்தம். அந்தப் பள்ளிகளில் படித்த நம்மவர்களுக்கு நினைவிருக்கும்.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஈயம் 327 டிகிரியில் உருகும், செம்புக்கு 1085 வேண்டும். சுமை மீறினால் ஈயக்கம்பி முதலில் உருகி, வீட்டு வயரைக் காப்பாற்றும்.

வைசியாள் வீதி போன்ற தெருக்களின் பழைய வீடுகளில் தேக்கு ரீப்பர் மேல் ஓடிய வயருக்கு ரப்பர் உறை, அதன்மேல் துணி. ரப்பர் காய்ந்து வெடிக்கும். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று பல வீடுகளில் தடித்த செம்புக்கம்பியைச் சுற்றிவிட்டார்கள். பிறகு கருகியது பியூஸ் அல்ல, வயர்.

இன்று சுவருக்குள் பி.வி.சி. குழாய், பியூஸுக்குப் பதில் எம்.சி.பி. அதில் கம்பி சுற்ற முடியாது. ஆனால் அதுவும் வயரைத்தான் காக்கும், ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு நம் உடம்பில் பாயும் மின்சாரம் தெரியவே தெரியாது; 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. போன மின்சாரம் முழுதும் திரும்புகிறதா என்று பார்த்து, குறைந்தால் உடனே துண்டிப்பது ஆர்.சி.சி.பி.

ஸ்விட்சை மட்டும் மாற்றிய பழைய வீட்டுக்காரர்களே, உங்கள் வீட்டில் அது இருக்கிறதா? இருந்தால், அதன் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.