இரண்டாம் சுவரின் துளைகள்

பெட்ரோல் நிலையத்தின் தரைக்கடியில், சேமிப்புத் தொட்டியின் மேற்புறத்திலுள்ள பம்பையும் குழாய் இணைப்புகளையும் சூழ்ந்து, கசியும் எரிபொருள் மண்ணைச் சேருமுன் தேக்கிக்கொள்வதற்காகப் புதைக்கப்படும் கண்ணாடியிழை அல்லது பிளாஸ்டிக் குழித்தொட்டி ‘சம்ப்’ எனப்படும். அதன் சுவரைத் துளைத்துக் குழாய் உள்ளே நுழையுமிடத்தை அடைக்கும் ரப்பர் உறையை அமெரிக்கத் தொழில்துறையினர் ‘பூட்’ என்பர். கசிவைத் தடுக்க எழுப்பப்பட்ட இரண்டாம் சுவரே கசியத் தொடங்கிய வரலாறு இவ்வுறையில் அடங்கியுள்ளது.

1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கில், மின்னணுத் தொழிற்சாலைகளின் நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்த கரைப்பான்கள் குடிநீர்க் கிணறுகளில் கலந்தது வெளிப்பட்டதை அடுத்து, அம்மாநிலம் 1983இல் சட்டமியற்றிப் புதிய தொட்டிகளுக்கு, கசிவைத் தேக்கும் இரண்டாம் சுவருடன் கூடிய இரட்டைக் காப்பைக் கட்டாயமாக்கியது. 1984இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. அதன்கீழ் 1988இல் வெளியான விதிகள், துருப்பிடிக்கும் பழைய எஃகுத் தொட்டிகளை மேம்படுத்தவோ மூடவோ 1998 டிசம்பர் 22 வரை அவகாசம் அளித்தன.

இந்த இரண்டாம் காப்பின் ஓர் அங்கமான சம்பில், ‘பூட்’ உறையின் ஒரு முனை சுவரில் போல்ட்டுகளாலும், மறுமுனை குழாயின்மேல் கிளாம்பாலும் இறுக்கப்படும். மண் இறங்கும்போதும் குழாய் அசையும்போதும் வளைந்துகொடுக்க வேண்டிய அந்த ரப்பர், ஆண்டுக்கணக்கில் பெட்ரோல் ஆவியில் ஊறி உப்பியது அல்லது இறுகி வெடித்தது. அவ்வழியே நிலத்தடி நீர் உட்புகுந்து, அடியிலிருந்த கசிவுணர்வி ஓயாமல் எச்சரிக்கை ஒலி எழுப்பியபோது, உறையைச் சரிசெய்யாமல் உணர்வியை உயர்த்திக் கட்டி ஒலியை அடக்குவதும் நிகழ்ந்தது.

எம்டிபிஇ என்னும் பெட்ரோல் கலவைப்பொருள் கசிந்து நிலத்தடி நீரில் கலந்ததால் சாண்டா மோனிகா நகரம் 1996இல் தன் குடிநீர்க் கிணறுகளில் பலவற்றை மூட நேர்ந்தது. இப்பின்னணியில், இரண்டாம் காப்பையும் 36 மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டுமென 1999இல் கலிபோர்னியா சட்டமியற்றியது. குழாய்க் கசிவைக் கண்டறியப் பயன்படும் சம்புகளை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்கும் கடமையை, 2015ஆம் ஆண்டின் விதித்திருத்தம் நாடெங்கும் விரிவாக்கியது. நுழைவுத் துளைகளுக்கு மேல்வரை நீர் நிரப்பி, மட்டம் குறைகிறதா என்று அளக்கும் எளிய சோதனையே, அதுவரை மறைந்திருந்த ஓட்டைகளைக் காட்டிக்கொடுத்தது.

முழு உறையை மாற்றுவதானால், குழாயிலுள்ள எரிபொருளை வடித்து, இணைப்பைக் கழற்றி, பழையதை உருவியெடுக்க வேண்டும். சில இடங்களில் கான்கிரீட் தளத்தையும் உடைக்க நேரும். இதைத் தவிர்க்க, நீளவாக்கில் பிளந்த உறையைக் குழாயைக் கழற்றாமலே சுற்றி, விளிம்புகளைப் போல்ட்டால் சேர்க்கும் முறை உருவானது. பின்னர், இரு பாதிகளாக வரும் கண்ணாடியிழைப் பொருத்திகளைப் பிசினால் சுவரோடு ஒட்டும் முறையும் வந்தது. ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் பிசின் பிடிக்காது என்பதால், ஒட்டுவதைக் காட்டிலும் சுவரைத் துடைத்து உலர்த்துவதே பெரும் பணியாயிற்று. பழுதுபார்த்த 30 நாட்களுக்குள் சம்பை மீண்டும் சோதிக்க வேண்டுமென 2015இன் விதிகள் வகுத்திருப்பதால், ஓட்டையைக் காட்டிக்கொடுத்த நீரே அது அடைபட்டதற்கும் சான்றளிக்க வேண்டியதாயிற்று.