இதயம் நின்றதா?

போன எபிசோட்ல, யோகிகள் இதயத்தையே நிறுத்திக் காட்டினாங்கன்னு சொல்லிட்டேன். தப்பு. ஆனா அந்தத் தப்பு எங்கிருந்து வந்ததுங்கறதுதான் சுவாரசியம்.

1935-ல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் இ.சி.ஜி. கருவியோடு இந்தியா வந்தார். பி.கே.எஸ். ஐயங்காரின் குருவான கிருஷ்ணமாச்சாரியாரைச் சோதித்தபோது, துடிப்பின் கோடு கிட்டத்தட்ட மறைந்தது. கதை பரவிடுச்சு.

1957 வாக்கில் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்கரும் பாக்சியும் சென்னையில் அவரையே மறுபடி சோதித்தார்கள். 1961-ல் வெளியான முடிவு: இதயம் நிற்கவில்லை. மூச்சை அடைத்து, நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். நாடி அடங்கும், ஸ்டெதஸ்கோப்பில் ஒலியும் கேட்காது. இ.சி.ஜி. மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை மோசடின்னு சொல்ல எனக்கு மனசு வரல. மணிக்கட்டைத் தொட்டவருக்கு நாடி நிஜமாவே கிடைக்கலையே!