விழுப்புரத்தில் மாறி ஏறணும்

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் ஒரு பழைய அட்லஸைப் புரட்டி, திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் இருக்கும் ரயில் நிலையம் எது என்று தேடினான். திண்டிவனம் என்று காட்டியது வரைபடம். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காக இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டான். மீதி இரண்டு ரூபாயோடு ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு ரயிலடிக்குப் போனான். திண்டிவனத்துக்கு டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. கையில் மிச்சம் மூன்றே அணா.

அதே பெட்டியில் வெள்ளைத் தாடி வைத்த மௌல்வி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பையன் எங்கே போகிறான் என்று விசாரித்தவர், திருவண்ணாமலைக்கே இப்போது ரயில் போகிறது, அதற்கு விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்றார். பையனுக்கு அதுவரை தெரியாத சேதி அது. அந்தப் பாதை போட்டுச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவனிடம் இருந்த அட்லஸோ அதற்கும் முந்தையது.

விடிவதற்கு முன், மூன்று மணி வாக்கில், விழுப்புரத்தில் இறங்கினான். பொழுது விடிந்ததும் ஊருக்குள் சுற்றினான். பசியோடு ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போனால், சமையல் ஆக மதியமாகும் என்றார்கள். காத்திருந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு அணாவை நீட்டினான். கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார் கடைக்காரர். வழிச்செலவு போக மொத்தமே இரண்டரை அணா என்று தெரிந்ததும் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து பத்து மைல் நடந்து அறையணிநல்லூர் கோயில். மறுநாள் கோகுலாஷ்டமி. திருக்கோவிலூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு கிடைத்தது. காதுக் கடுக்கனை அவரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கிக்கொண்டு, செப்டம்பர் 1ஆம் தேதி காலை ரயிலில் திருவண்ணாமலை போய் இறங்கினான். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தவர் அவர்தான்.

இதை ஆன்மிகக் கதையாகவே நாம் படித்திருக்கிறோம். பயணக் கதையாகப் படித்தால் வேறொன்று தெரியும். ரயிலுக்குப் புதியவர் ஒருவரை ஊர் சேர்த்தவை அட்லஸும் டிக்கெட்டும் அல்ல. எதிரே உட்கார்ந்திருந்தவரின் வாய்ச்சொல், ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரின் பெருந்தன்மை, ஒரு பாகவதரின் நம்பிக்கை ஆகியவைதான். கடல் கடந்து வந்தவர்களுக்கும் கதை ஏறக்குறைய இதேதான். அவர்களில் பலருக்கும் வண்டி மாறும் இடம் விழுப்புரமாகவே இருந்தது.

ஏன் விழுப்புரம்? கோட்டை கிடையாது, துறைமுகம் கிடையாது, பெயர்பெற்ற பெருங்கோயிலும் கிடையாது. செஞ்சிக்கு இருக்கும் சரித்திரம் இதற்கு இல்லை. இந்த ஊருக்கு முகவரி கொடுத்தது தண்டவாளம். 1874இல் சவுத் இந்தியன் ரயில்வே உருவானது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், கடலூர் வழியாகத் தெற்கே மீட்டர் கேஜ் பாதை நீண்டது. 1879இல் புதுச்சேரிக்கு ஒரு கிளை பிரிந்தது. 1890களின் தொடக்கத்தில் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு இன்னொரு கிளை. 1920களின் கடைசியில் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப் பாதை. ஆக ஐந்து திசை. திண்டிவனமோ ஒரே பாதையில் இருக்கும் வழிநிலையமாகவே நின்றுவிட்டது.

இந்த ஐந்தில் விசித்திரமானது புதுச்சேரிக் கிளை. நீளம் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் அது இரண்டு தேசங்களை இணைத்தது. பிரெஞ்சு அரசும் பிரிட்டிஷ் அரசும் உடன்படிக்கை செய்துகொண்டு போட்ட பாதை அது. பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி என்று லண்டனில் தனிக் கம்பெனி இருந்தாலும், வண்டியை ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே. வளவனூர், சின்னபாபுசமுத்திரம் என்று போய்க்கொண்டே இருக்கும் வண்டி வில்லியனூர் வருவதற்குள் பிரெஞ்சு இந்தியாவுக்குள் நுழைந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே வயலும் பனையும் அப்படியேதான் இருக்கும். மாறுவது சட்டமும் சுங்கமும் போலீஸும்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தப் பாதை ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் கடலே பதில் சொல்லும். புதுச்சேரியில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரையேற வேண்டும். 1860களில் கடற்பாலம் கட்டிய பிறகும் சிரமம் முழுக்கத் தீரவில்லை. ரயில் வந்ததும், வேறு துறைமுகத்தில் இறங்கிக்கூட நனையாமல் புதுச்சேரி சேரலாம் என்றாயிற்று.

அப்படி வந்த வெள்ளைக்காரருக்கு வழிகாட்ட ரயில்வேயே புத்தகம் போட்டது. 1900இல் சென்னை ஹிக்கின்பாதம்ஸ் பதிப்பித்த சவுத் இந்தியன் ரயில்வேயின் படங்களுடன் கூடிய கைந்நூல், அந்தக் காலத்தில் இந்த ஊர்கள் எப்படி இருந்தன என்பதற்கு இன்று நல்ல சாட்சி. ஊர் ஊராகத் தங்குமிடம், வண்டி வசதி, நிலையத்தில் என்ன கிடைக்கும், எந்த அதிகாரி இருக்கிறார், எந்தத் திருவிழா எப்போது, எந்தக் கைத்தொழில் பேர்பெற்றது என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தார்கள். ஐரோப்பியருக்குப் பயணியர் பங்களா, உள்ளூர்க்காரருக்குச் சத்திரம் என்று தங்குமிடத்திலேயே இரண்டு உலகம். ரயில் பெட்டியும் அப்படித்தான். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் சாய்ந்து படுக்க இடம் இருக்கும். மூன்றாம் வகுப்பில் உட்கார இடம் கிடைத்தாலே பாக்கியம்.

ஆனால் புத்தகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இணைப்பு வண்டி தாமதமா, எந்தப் பக்கத்தில் நிற்கிறது, ஜட்காக்காரர் கேட்கும் கூலி நியாயமா என்பதையெல்லாம் அச்சில் போட முடியாது. அதற்கு ஆள்தான் வேண்டும். வசதியுள்ள துரைமார் அதற்கென்றே கூடவே ஒரு பட்லரை அழைத்துப் போனார்கள். ஊரை விசாரிப்பதும் மூட்டையை எண்ணுவதும் அவர் பொறுப்பு.

பிரிட்டிஷ் சட்டத்துக்குத் தப்பவும் இதே பாதை பயன்பட்டது. 1908இல் 'இந்தியா' பத்திரிகைமீது அரசின் கை விழுந்தபோது பாரதியார் ரயிலேறிப் புதுச்சேரி போனார். அக்டோபரில் பத்திரிகையும் அங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. சொந்த மண்ணிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் வெளிதேசவாசியாகிவிட்டார் அவர். பத்தாண்டு கழித்து, 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியபோது கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். அரவிந்தர் வந்த வழி வேறு. 1910 ஏப்ரல் 4ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து டூப்ளே என்ற கப்பலில் வந்து இறங்கினார். புதுச்சேரிக்கு வந்து போகிறவர்களைப் பிரிட்டிஷ் ஒற்றர்கள் ஓயாமல் நோட்டம் விட்டுக்கொண்டிருந்த காலம் அது.

நான்கு ஆண்டு கழித்து அரவிந்தரைத் தேடி பாரீஸிலிருந்து ஒரு தம்பதி புறப்பட்டார்கள். பால் ரிஷார், மிர்ரா. 1914 மார்ச் 7ஆம் தேதி ஜப்பானியக் கப்பலான காகா மாருவில் பிரான்சிலிருந்து கிளம்பிக் கொழும்பில் இறங்கினார்கள். நல்ல நேரத்தில் வந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதிதான் பாம்பன் பாலம் திறக்கப்பட்டிருந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதுவரை கொழும்பிலிருந்து வருகிறவர்கள் தூத்துக்குடிக்குக் கடல் வழியாக வர வேண்டியிருந்தது. இப்போது கொழும்பில் ரயில், நடுவே இருபது மைல் சொச்சம் கடல், மறுபடியும் ரயில். சென்னை நோக்கி வரும் இந்த வண்டிக்குத்தான் போட் மெயில் என்று பெயர்.

புதுச்சேரிக்குப் போகிறவர் அதில் சென்னை வரை போகக் கூடாது. விழுப்புரத்தில் இறங்கி, கிளை வண்டியில் ஏற வேண்டும். ரிஷார் தம்பதியும் அப்படித்தான் வந்தார்கள். மார்ச் 29ஆம் தேதி காலை புதுச்சேரி. அன்று மாலை மூன்றரை மணிக்கு அரவிந்தருடன் சந்திப்பு. பிறகு அந்தப் பெண்மணி 1920இல் திரும்பி வந்து புதுச்சேரியிலேயே நிலைத்தார். அவரைத்தான் உலகம் இன்று அன்னை என்று அழைக்கிறது.

இதே போட் மெயில் எதிர்த்திசையில் வேறொரு கூட்டத்தைச் சுமந்தது. கங்காணிகளின் பேச்சை நம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் அவை. அவர்களுக்குக் கைந்நூல் கிடையாது, பட்லர் கிடையாது. மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்துக் கடல் தாண்ட வேண்டும். புது தேசத்துக்கு ரயிலில் போன தமிழர்களின் கணக்கு, இங்கே வந்த வெள்ளைக்காரர்களின் கணக்கைவிடப் பல மடங்கு பெரிது. பயண நூல்களில் அவர்கள் பெயர் வராததற்குக் காரணம், அவர்கள் நூல் எழுதவில்லை என்பது மட்டுமே.

நூல் எழுதிய ஒருவர் 1931இல் வந்தார். பால் பிரண்டன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர். ரமணரைப் பார்க்கத் திருவண்ணாமலைக்குப் போவதற்காகச் சென்னையில் போட் மெயில் ஏறினார். அந்த வண்டி திருவண்ணாமலைப் பக்கமே போகாது. போகிற வழியில் விழுப்புரத்தில்தான் பாதை பிரியும். அவருக்கு அந்தக் கவலை இல்லை. கூடவே ஒரு தமிழர் துணைக்கு வந்தார். ரமணரின் ஆசிரமத்துக்குப் பிரண்டனை அழைத்ததும் அந்தத் தமிழர்தான், வழி சொன்னதும் அவர்தான். ரயிலடியிலிருந்து கடைசித் தூரம் மாட்டு வண்டியில். 1934இல் வெளிவந்த பிரண்டனின் புத்தகம் மேல்நாட்டார் பலரைத் திருவண்ணாமலைக்கு இழுத்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லை இன்னும் இறுகியது. புதுச்சேரியைச் சுற்றிச் சுங்கக் கெடுபிடி கூடியது. 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. கிளைப் பாதை உள்நாட்டுப் பாதையானது. பத்தாண்டுக்குப் பின், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தனுஷ்கோடி வழியாகக் கொழும்புக்குப் போக விழுப்புரத்தைக் கடந்துபோகிற பயணம் அதோடு முடிந்தது.

ஆனால் ஜங்ஷனின் மவுசு அதோடு போய்விடவில்லை. 1960களில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர் கேஜ் பாதைக்கு மின்சாரம் வந்தது. ஜப்பானில் செய்த மின்சார இன்ஜின்கள் ஓடின. மின்கம்பி விழுப்புரத்தோடு முடிந்ததால் இன்ஜின் மாற்றும் வரை வண்டி இங்கே நிற்கும். மின்சார இன்ஜினைக் கழற்றி நீராவி இன்ஜினையோ டீசல் இன்ஜினையோ மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் பயணிகள் தண்ணீர் பிடித்து, டீ குடித்து, பொட்டலம் வாங்கிக்கொள்வார்கள்.

1968 பிப்ரவரி 28ஆம் தேதி, 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டு ஆரோவில் தொடங்கப்பட்டது. பலரும் அதைப் புதுச்சேரி என்றே நினைக்கிறார்கள். அதன் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்து தங்கிய குடும்பங்கள், இந்த மாவட்டத்துக் குடியிருப்பாளர்களாகவே பல ஆண்டுகளாக வாழ்கின்றன. ஒரு காலத்தில் வண்டி மாற மட்டும் வெளிநாட்டார் இறங்கிய ஊரின் பெயர் இன்று அவர்களுடைய வீட்டு முகவரியில் இருக்கிறது.

2004இல் புதுச்சேரிப் பாதையும், 2010ஐ ஒட்டிக் காட்பாடிப் பாதையும் அகலப் பாதையாயின. புதுச்சேரிக்குத் தூரத்து ஊர்களிலிருந்தே நேர் ரயில் வந்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை மிச்சப் பயணிகளையும் பஸ்ஸுக்கும் காருக்கும் இழுத்துக்கொண்டது. வழி கேட்பவர்கள் குறைந்தார்கள், கைப்பேசியைப் பார்ப்பவர்கள் பெருகினார்கள்.

புதுச்சேரியின் வரலாற்றை எழுதியவர்கள் உண்டு, திருவண்ணாமலையின் வரலாற்றை எழுதியவர்கள் உண்டு. இரண்டிலும் விழுப்புரத்துக்குக் கிடைப்பது ஒற்றை வரி. அந்த வரியை ஒரு புத்தகமாக விரிக்கச் சாட்சிகள் இன்னும் இருக்கிறார்கள். மின்சார இன்ஜினைக் கழற்றி நீராவி இன்ஜினை மாட்டியவர்கள், சிவப்புச் சட்டைப் போர்ட்டர்கள், ரயிலடிக்கு வெளியே சாப்பாட்டுக் கடை நடத்திய குடும்பங்கள், வெளிநாட்டு முகங்களுக்கு வழி சொல்லிச் சொல்லியே நாலு பாஷை பேசக் கற்றவர்கள். விழுப்புரத்துக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்கள் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு ரயில்வே குடியிருப்புப் பக்கம் போய் வரட்டும். ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா உங்கள் வீட்டில் இருந்தால், கல்லூரிக்காரர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களே உட்கார்ந்து எழுதிவையுங்கள்.