கருச்சிதைவும் ஒரு கணக்கும்

மும்முறை கருச்சிதைவுற்ற ஒரு பெண் மீண்டும் கருவுற்றால், அந்தக் கருவும் சிதையும் வாய்ப்பு எவ்வளவு? 1938-ஆம் ஆண்டில் பெர்சி மால்பாஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இதற்கு விடை கூற முற்பட்டார். நூறு கருக்களில் 18 சிதைகின்றன. அவற்றுள் 17 தற்செயலானவை, ஒன்றே ஒன்றுதான் நிலையான காரணத்தால் சிதைவது என அவர் வைத்துக்கொண்டார். அதன்படி பெருக்கிப் பார்த்தால் விடை 73 விழுக்காடு! இது தாளில் போட்ட கணக்கு. தாய்மாரைத் தொடர்ந்து கவனித்து எண்ணியதன்று.

ஆயினும், புதிய சிகிச்சைகளை நெடுங்காலம் இந்த எண்ணைக் கொண்டே அளந்தனர். நூற்றுக்கு 27-க்கு மேல் குழந்தைகள் பிறந்துவிட்டால் சிகிச்சை வெற்றி! வெறும் வெந்நீர் கொடுத்திருந்தாலும் புகழ் வெந்நீருக்கே போயிருக்கும். ஏனெனில், மான்ட்ரியால் நகரில் வார்பர்ட்டன், ஃபிரேசர் இருவரும் உண்மைக் குடும்பங்களை ஆராய்ந்து 1964-இல் கண்ட அளவு 25 முதல் 30 விழுக்காடுதான்.

மால்பாஸ் கணக்கிட்ட அதே 1938-இல், லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஹார்மோனை உருவாக்கினர். அது நஞ்சுக்கொடியைத் தூண்டிக் கருவைக் காக்கும் என நம்பிய பாஸ்டன் நகர ஸ்மித் தம்பதியர், 1940-களில் அதைக் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைத்தனர். மருந்து வேகமாகப் பரவியது.

சிகாகோவில் டீக்மன் குழுவினர் இதை முறையாகச் சோதித்தனர். கர்ப்பிணிகள் 1,646 பேர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மருந்து. மற்றவர்களுக்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரை. 1953-இல் வெளியான முடிவு: பயன் எதுவுமில்லை. அதே புள்ளிகளை 1978-இல் மீண்டும் ஆராய்ந்தபோது, மருந்துண்டவர்களிடம் கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் பச்சிளங்குழந்தை மரணமும் மிகுதி எனத் தெரிந்தது!

ஆனால் 1953-க்குப் பின்னும் மருந்து நிற்கவில்லை. 1971-இல் பாஸ்டன் மருத்துவர் ஹெர்ப்ஸ்ட்டும் துணைவரும் எட்டு இளம்பெண்களின் அரிய யோனிப் புற்றுநோயை ஆராய்ந்தனர். துப்புக் கொடுத்தவர் ஒரு நோயாளியின் தாய். ‘கருவுற்றபோது நான் உண்ட மருந்து காரணமாயிருக்குமா?’ என அவர் கேட்டாராம். விசாரித்ததில், எட்டுத் தாய்மாருள் எழுவர் அம்மருந்தை உண்டவர்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த 32 தாய்மாரில் ஒருவர்கூட உண்டதில்லை. அவ்வாண்டு நவம்பரில், கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது என அமெரிக்க அரசு அறிவித்தது.

இம்மருந்துண்ட தாய்மாரின் மகள்களுள் இப்புற்றுநோய் கண்டவர்கள் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவரே. ஆனால், கருப்பை உருத்திரிந்து பிறந்தவர்கள் பலர். அவர்கள் கருவுற்றபோது, கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் மற்றப் பெண்களைவிட அவர்களுக்கே அதிகமாக நேர்ந்தன.