கடன்பட்ட தெய்வமும் கடன்படாத் திருமணமும்

சென்னையிலிருந்து கூடூர் நோக்கி வடக்கே செல்லும் இருப்புப்பாதையில் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் ஆரம்பாக்கம். அதற்கடுத்தது தடா. இரண்டிற்கும் இடையே எல்லை என்று சுட்டிக் காட்ட மலையும் இல்லை, பேராறும் இல்லை. கிழக்கே பழவேற்காட்டு ஏரியின் உப்புக்காற்று. மேற்கே நீலம் பூத்த குன்றுகள். நம் முன்னோர் தமிழகத்தின் வடவெல்லை என்று வகுத்த வேங்கடம் இங்கிருந்து வடமேற்கே இருக்கிறது. தடா நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022இல் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் மண் இது.

இம்மண்ணிலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எங்கள் வீட்டு மரப்பெட்டியில் நெடுநாள் கிடந்த கணக்கு நோட்டு ஒன்றை நான் மறப்பதற்கில்லை. என் தமக்கையின் திருமணச் செலவை எந்தை எழுதி வைத்தது. முன்பக்கங்களில் பந்தல், வாழையிலை, அரிசி, பருப்பு, மேளம், வண்டிச் சத்தம், பின்பக்கங்களில் வட்டி. செலவெழுதிய பக்கங்கள் நான்கு. வட்டி எழுதிய பக்கங்கள் பதினொன்று. எளிய குடும்பம் ஒன்று கடனின்றித் திருமணம் செய்வது எப்படி என்னும் கேள்வி எனக்கு அந்த நோட்டிலிருந்தே பிறந்தது. அதற்கு வரலாற்றில் விடை தேடப் புகுந்தால், நம் வட்டாரமே முதலில் ஒரு கடன்கதையைச் சொல்கிறது.

புத்தூருக்கு அருகேயுள்ள நாராயணவனம், ஆகாசராசனின் தலைநகரம் என்பது தலபுராணம். அவன் மகள் பத்மாவதியைச் சீனிவாசப் பெருமாள் மணந்த இடமும் அதுவே. பெண்வீடு அரசகுடி. மாப்பிள்ளைக்கோ மலைமேல் ஒரு புற்றும், அன்புடன் பேணிய வகுளமாலிகை என்னும் வளர்ப்புத் தாயுமே சொத்து. தேவர் அனைவரும் விருந்துக்கு வருவர். அரச சம்பந்திக்கு முன் தலைகுனியக் கூடாது. என்ன செய்வது? குபேரனிடம் கடன் வாங்கினார் பெருமாள். தொகை பதினான்கு இலட்சம் பொன் என்பர். பத்திரம் எழுதப்பட்டது, பிரமனும் சிவனும் அரசமரமும் சாட்சி நின்றனர். ஆண்டுதோறும் வட்டி, கலியுகத்தின் முடிவில் முதல் என்பது உடன்படிக்கை. அந்த வட்டிக்காகவே அடியார் உண்டியலில் காணிக்கை இடுகின்றனர் என்பது மக்கள் நம்பிக்கை. தெலுங்கர் அவரை ‘வட்டி காசுலவாடு’ என்று உரிமையோடு அழைப்பர். கீழ்த் திருப்பதியில் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் கோவிந்தராசர், அந்தப் பொன்னை அளந்து அளந்து களைத்துப் போனவர் என்றும் சொல்வதுண்டு.

இக்கதையை பக்தியோடு கேட்பவர் கேட்கட்டும். வரலாற்றை நாடுவோன் இதில் வேறொன்றையும் காண்பான். இதைக் கட்டியவர்கள் ஊர்நடப்பை நன்கு அறிந்தவர்கள். வட்டி, தவணை, சாட்சி, பத்திரம் ஆகிய யாவும் ஓர் உழவன் கடன்பட்ட கதையில் வருபவையே. கடன் வாங்கத் தூண்டியதும் வறுமையன்று. சம்பந்தி வீட்டுக்கு ஈடாக நிற்க வேண்டுமென்னும் மதிப்பு. மேலும் ஒரு நுட்பம்: இக்கதையில் கடன்படுவது மாப்பிள்ளை வீடு. பெண்ணுக்குப் பரிசம் கொடுத்து மணம் பேசிய வழக்கம் தமிழ்நாட்டில் பல குலங்களில் இருபதாம் நூற்றாண்டு வரையிலும் இருந்ததன்றோ? பின்னர்ச் சுமை தோள் மாறிப் பெண்ணைப் பெற்றவன்மேல் ஏறிற்று. 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. ஆயினும் ‘அவர்களாக விரும்பிப் போட்டார்கள்’ என்னும் ஒரு சொல் அச்சட்டத்தை எத்தனையோ வீடுகளில் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

பழந்தமிழர் மணம் எப்படி இருந்தது என்பதற்கு அகநானூற்றின் இரண்டு பாடல்கள் சான்று. எண்பத்தாறாவது நல்லாவூர் கிழார் பாடியது. நூற்று முப்பத்தாறாவது விற்றூற்று மூதெயினனார் பாடியது. பந்தலின்கீழ்ப் புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, மாலை தொங்கவிடுகிறார்கள். உளுந்து கலந்த சோறு படைக்கிறார்கள். மகப்பெற்ற மங்கலப் பெண்டிர் நால்வர் பூவும் நெல்லும் இட்ட நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். திங்கள் உரோகிணியைச் சேரும் நல்ல நாள் பார்த்ததும் உண்டு. ஊனும் நெய்யும் கலந்த சோற்றை வந்தவர்க்கு ஊட்டியதும் உண்டு. ஆகவே அன்றைய மணத்தில் விருந்தே இல்லை என்று சொல்லிவிடலாகாது. ஆயினும் மணம் நடந்தது வீட்டு முற்றத்தில். நடத்தி வைத்தோர் வீட்டுப் பெண்டிர். வெளியாருக்குக் கூலி கொடுத்து வாங்க வேண்டிய பொருளென்று அப்பாடல்களில் ஒன்றும் என் கண்ணுக்குப் படவில்லை.

இடைக்காலத்தில் நாள்கள் பெருகின, சடங்குகள் பெருகின, பந்தி பெருகிற்று. அதை விரித்துரைக்க இங்கே இடமில்லை. இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், பெரியார் ஈ.வெ.ரா. தலைமையில் புரோகிதரில்லாமல் நடந்த மணத்தை முதல் சுயமரியாதைத் திருமணம் என்பர். அதனைச் சாதி மறுப்புக்கும் பெண்ணுரிமைக்கும் உரிய புரட்சியாகவே நாம் பேசி வருகிறோம். அது சரியே. ஆனால் அதற்குள் ஒரு வீட்டுக் கணக்கும் இருந்தது. பல நாள் கல்யாணம் ஒருவேளைக் கூட்டமாயிற்று. தலைமை தாங்குவோர் ஒருவர், வாழ்த்துவோர் சிலர், இரண்டு மாலைகள், அவ்வளவே. இயக்கத்தார் இதனை ‘வாழ்க்கை ஒப்பந்தம்’ என்றார்கள். கடன்பட்டுக் கல்யாணம் செய்வதைப் பெரியார் கடிந்து பேசாத மேடை குறைவு.

செலவு குறைந்தது, ஆனால் சட்டம் உடன்படவில்லை. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், சாத்திரச் சடங்கோ நிலைபெற்ற வழக்கமோ இல்லாத இத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. மாலை மாற்றி மணந்த பல்லாயிரம் குடும்பங்களின் நிலை என்ன? மனைவிக்கு உரிமை உண்டா, பிள்ளைக்குச் சொத்து உண்டா என்னும் கவலை வீடுதோறும் புகுந்தது. சிக்கனத்தை நாடியவர்கள் அதற்கு இவ்வாறு ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. அண்ணா முதலமைச்சரானபின், 1967இல், இந்து திருமணச் சட்டத்தில் ஏழு ‘ஏ’ என்னும் பிரிவைச் சேர்க்கும் சட்டத்திருத்தம் நிறைவேறி, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. உற்றார், நண்பர், பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தமக்குத் தெரிந்த மொழியில் சொல்லுதல், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளுதல், தாலி கட்டுதல் ஆகியவற்றுள் ஒன்று போதும்; மணம் செல்லும். முன்பு நடந்த மணங்களும் செல்லுபடியாயின. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், இம்மணத்துக்கு ஊரறிய அறிவிப்புக் கட்டாயமில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

இங்கேதான் தடாவும் ஆரம்பாக்கமும் பிரிகின்றன. இத்திருத்தம் தமிழ்நாட்டுக்கு உரியது. ஆரம்பாக்கத்தில் இரண்டு மாலைகளால் முடியும் இந்து மணம், அடுத்த நிலையமாகிய தடாவில் வழக்கச் சடங்குகளை நாட வேண்டும். இல்லையேல் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவாளரை நாட வேண்டும். ஒரே குடும்பத்தின் அண்ணன் வீடு அங்கும் தம்பி வீடு இங்குமாக இருக்கும் வட்டாரத்தில் இஃது ஒரு வேடிக்கையே.

வேடிக்கையோடு நிற்காமல் வழக்குமன்றம் வரை சென்ற நிகழ்ச்சியும் உண்டு. திருத்தணி, 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஆந்திரத்தோடு போயிற்று. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு சேர்ந்தது. அத்திருத்தணிக் கோயிலில் 1984இல் ஒருவர், முதல் மனைவி இருக்கையிலேயே மறுமணம் செய்துகொண்டார். முதல் மனைவி வழக்குத் தொடுத்தார். ‘ஏழடி வைக்கும் சடங்கு நடக்கவில்லை, ஆகவே அது மணமே அன்று, நான் குற்றவாளியும் அல்லேன்’ என்பது கணவரின் வாதம். 2001இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அங்கே ஏழு ‘ஏ’ பிரிவு பொருந்தும். தாலி கட்டியதும் மாலை மாற்றியதுமே மணத்துக்குப் போதும் என்று கூறிற்று. எல்லைப் போராட்டத்தில் கைதாகிச் சிறை சென்றவர்கள், தாம் மீட்ட ஊர் ஒருநாள் ஓர் ஏழை மனைவிக்கு இவ்வாறு உதவும் என்று நினைத்திருக்கவும் மாட்டார்கள். சிக்கன மணத்துக்கு என்று வந்த சட்டம், சிக்கனத்தைச் சாக்காக வைத்துத் தப்ப நினைத்தவரைப் பிடித்து நிறுத்தியதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பே மேலிடுகிறது.

இனி மலைக்கு மீள்வோம். தன் திருமணத்துக்குக் கடன்பட்ட தெய்வத்தின் இருப்பிடமே, கடன்படாமல் மணமுடிக்க எண்ணும் எளியோரின் புகலிடமாகவும் ஆனது. தமிழ்நாட்டின் வடமாவட்டத்தார் ‘திருப்பதியில் கல்யாணம்’ என்று சொன்னால் அதற்குள் இரண்டு பொருள் உண்டு: வேண்டுதல் ஒன்று, செலவுக்கு அஞ்சியது மற்றொன்று. முதற்பொருளைச் சொல்லி இரண்டாவதை மறைத்துக்கொள்ளலாம். உறவினரும் குறைகூற இயலாது! திருமலை திருப்பதி தேவத்தானம் 2007இல் ‘கல்யாணமஸ்து’ என்னும் பெயரில் ஏழை இணைகளுக்குத் திரள்மணம் நடத்தத் தொடங்கியது; 2011இல் அது நின்றது. 2016 ஏப்ரல் முதல் திருமலையிலுள்ள கல்யாண வேதிகையில் கட்டணமின்றி மணம் நடத்தி வைக்கிறார்கள். புரோகிதர், மங்கல வாத்தியம், மஞ்சள், குங்குமம், கங்கணம் ஆகியவை தேவத்தானத்தினுடையவை. பெண்ணுக்குப் பதினெட்டும் ஆணுக்கு இருபத்தொன்றும் நிறைந்திருக்க வேண்டும், பெற்றோர் உடனிருக்க வேண்டும், மறுமணத்துக்கு இடமில்லை. மணமக்களும் பெற்றோரும் தரிசனம் செய்து லட்டுடன் கீழிறங்குவார்கள்.

எல்லைக்கு இப்பால் அரசே துணை நின்றது. 1989இல் கலைஞர் ஆட்சி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவியாக 5,000 ரூபாய் வழங்கியது. எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2011இல் தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் சேர்ந்தது. 2016இல் அது எட்டு கிராம் ஆயிற்று. 2022இல் திருமணத்துக்கென்று கொடுப்பதை விடுத்து, உயர்கல்வி பயிலும் பெண்ணுக்கு மாதந்தோறும் கொடுக்கும் திட்டமாக மாற்றினார்கள். இம்மாற்றத்தை நான் வரவேற்பவன். வரவேற்காத தாய்மாரையும் அறிவேன். ‘படிப்பு சரி, தாலிக்குப் பொன் யார் தருவார்?’ என்பது அவர்கள் கேள்வி. அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

புலம்பெயர்ந்த நம்மவர் நிலை இன்னும் சிக்கலானது. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனமும், மலேசியாவில் 1976இல் இயற்றி 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருமண மணவிலக்குச் சட்டமும், மணத்தைப் பதிவு செய்வதைக் கடமையாக்கின. சட்டத்துக்கு ஒரு மணம், தாலிக்கு ஒரு மணம், ஊருக்குப் போய் உறவினரை உண்பிக்க ஒரு விருந்து என மூன்றாகப் பெருகின நம் வீடுகளில். பதிவு அலுவலகத்துச் செலவு சொற்பம். எஞ்சிய இரண்டும்தான் சேமிப்பைத் தின்பவை. அயலில் இருப்பவன் வசதியாயிருக்கிறான் என்னும் ஊராரின் எண்ணத்துக்கு நாமே பந்தல் போட்டுக் கொடுக்கிறோம்.

என் தமக்கையின் பேர்த்திக்கு 2018இல் திருமணம். கல்யாண வேதிகையில் மணம், வீட்டார் இருபது பேர் மட்டும் என்று இளையோர் முடிவு செய்தனர். எனக்கு மகிழ்ச்சி. எதிர்த்தவர் என் தமக்கை! பதினொரு பக்க வட்டிக்கு உழைத்த தந்தையின் மகள் அவர். ‘எனக்கு அப்பா செய்தார். என் பேர்த்திக்குப் பெயரில்லாமல் மாலை மாற்றி அனுப்புவதா?’ என்று கண்கலங்கினார். நோட்டை எடுத்துக் காட்டலாமா என்று எண்ணினேன், காட்டவில்லை. முடிவில் மணம் மலையில் நடந்தது. மறுநாள் தடாவில், வீட்டுக்கு முன் ஒரு சாமியானா கட்டி, ஊராருக்கு ஒருவேளைச் சோறு போட்டோம். பாயசம் உண்டு, கச்சேரி இல்லை. செலவை அக்காவே எழுதினார், புதிய நோட்டில், ஒன்றரைப் பக்கம். இரண்டாம் பக்கத்தின் அடியில் மிஞ்சிய வாழையிலைக்கட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிய தொகையையும் மறவாமல் வரவு வைத்திருந்தார்.